பளிங்கு வானொலிப் பொதி: பாதி வானொலி பெட்டிக்கு வெளியே இருக்கிறது

யாழ். நகரில் மின்னணு உதிரிப்பாகங்கள் விற்கும் கடையொன்றில், கைத்தொலைபேசி உறைகளுக்கும் எல்.ஈ.டி. மின்குமிழ்களுக்கும் நடுவே, "பற்றரி வேண்டாத றேடியோ" என்று கையால் எழுதி ஒட்டிய சிறிய அட்டைப்பெட்டிகள் அடுக்கப்பட்டிருந்தன. பளிங்கு வானொலி (கிறிஸ்டல் றேடியோ) ஒன்றை நாமே கட்டிக்கொள்வதற்கான பாகங்கள்தாம் உள்ளே இருப்பவை. பெட்டியின் மேல் உற்பத்தியாளரின் பெயரோ முகவரியோ இல்லை. சீனாவில் செய்யப்பட்டது என்ற ஒற்றை வரி மட்டுமே உண்டு. விலை 2,800 ரூபாய். கடைக்காரர் பணத்தை வாங்கும்போதே, "இதிலை எப்.எம். எடுக்காது தம்பி, பிறகு கொண்டுவந்து திருப்பித் தரப்படாது" என்று சொல்லிவிட்டார். அவருடைய அந்த ஒரு வாக்கியத்தில் இருந்த நேர்மை, பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த விளக்கத்தாளில் இல்லை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாகங்கள் நல்லவை, விலைக்குத் தகுந்தவை. ஆனால் விளக்கத்தாளில் உள்ளபடியே கட்டினால், யாழ்ப்பாணத்தில் இந்த வானொலி ஏறத்தாழ ஊமையாகவே இருக்கும். ஒலிபரப்புக் கோபுரத்துக்குச் சில கிலோமீற்றர் தொலைவில் குடியிருப்பவருக்காக எழுதப்பட்ட தாள் அது. இங்கே உள்ளூரில் நாம் கேட்கும் நிலையங்கள் எப்.எம். என்னும் பண்பலையில் இருக்கின்றன. இந்த வானொலி பிடிப்பதோ மத்திய அலையை (மீடியம் வேவ்). மத்திய அலையில் நமக்கு வாய்த்திருப்பவை தொலைவில் உள்ள, ஆனால் பெருவலு வாய்ந்த நிலையங்கள். ஆகவே ஏரியல், எர்த் (நிலத்தோடு இணைக்கும் கம்பி), சுருளில் கம்பியை இணைக்கும் இடம் ஆகிய மூன்றையும் இந்த ஊருக்கு ஏற்றபடி அமைத்தால்தான் காதில் ஏதாவது விழும்.

பளிங்கு வானொலி இயங்கும் விதம் எளிமையானது. நீளமான ஏரியல் கம்பியில் வானொலி அலைகள் மிக நுண்ணிய மின்னோட்டத்தைத் தூண்டுகின்றன. சுருளும் மாறும் கண்டென்சரும் (மின்னேற்றத்தைத் தேக்கும் பாகம்) சேர்ந்து, அவற்றுள் ஒரு மீடிறனை (அதிர்வெண்ணை) மட்டும் பரிவுறச் செய்து ஓங்க வைக்கின்றன. மின்னை ஒரே திசையில் விடும் டயோட் அந்த அலையின் ஒரு பாதியை மட்டும் கடத்துவதால், அலையின் வீச்சில் ஏற்றிவைக்கப்பட்ட பேச்சும் பாட்டும் பிரிந்து இயர்போனுக்குச் செல்கின்றன. ஒலியை எழுப்பும் சக்தி முழுவதும் நிலையத்தின் கோபுரத்திலிருந்தே வருகிறது. இடையில் பெருப்பிக்கும் கருவி எதுவும் இல்லை. எனவே கட்டுபவர் எந்த மூட்டில் சிறிது இழந்தாலும் அந்த இழப்பு நேராகக் காதில் தெரியும்.

பெட்டிக்குள் 50 மில்லிமீற்றர் விட்டமுள்ள அட்டைக் குழாய், 0.5 மில்லிமீற்றர் எனாமல் பூசிய செப்புக் கம்பி, 266 பிக்கோபரட் என்று தாளில் குறிக்கப்பட்ட பிளாத்திக்கு மாறும் கண்டென்சர், அதற்குரிய குமிழ், கண்ணாடி உடலுள்ள 1என்60 டயோட், பீங்கான் பளிங்கு இயர்போன், திருகாணி முனைகள் பதித்த பலகைத் துண்டு, ஏரியலுக்கென்று 5 மீற்றர் மெல்லிய கம்பி ஆகியவை இருந்தன. கண்டென்சர் தடங்கலின்றி வழுவழுப்பாகச் சுழல்கிறது. திருகாணி முனைகள் பித்தளையானவை. சோல்டர் இல்லாமலே எல்லாவற்றையும் இணைக்கலாம் என்பது பாடசாலைப் பிள்ளைகளுக்கு வசதி.

சுருள் சுற்றுவதுதான் இந்த வேலையில் மிகவும் சுவையான பகுதி. தாள் 80 சுற்றுகள் சுற்றச் சொல்கிறது, 12.5 மீற்றருக்குச் சற்று அதிகமான கம்பி அதற்குச் செலவாகும். கம்பியின் ஒரு நுனியை யன்னல் கம்பியில் கட்டிவிட்டு, முழு நீளத்தையும் முற்றத்தில் இழுத்துப் பிடித்து, குழாயைச் சுழற்றிக்கொண்டே யன்னலை நோக்கி மெல்ல நடந்தால் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டி நெருக்கமாக விழும். தரையில் இருந்தபடி சுற்றுபவருக்குக் கம்பி முறுக்கேறி முடிச்சு விழுவது நிச்சயம். ஒவ்வொரு 20 சுற்றுக்கும் கம்பியைச் சிறு வளையமாக வெளியே இழுத்து முறுக்கிக் கிளை விட வேண்டும். அந்த வளையங்களின் முனையை அரத்தாளால் தேய்த்து எனாமலை முற்றாக நீக்கவேண்டும். பழுப்பு நிறம் போய், இளஞ்சிவப்பான செம்பு சுற்றிவர மினுங்கும்வரை தேய்க்காமல் விட்டால், கண்ணுக்கு இணைந்ததுபோலத் தெரியும் முனை மின்னுக்கு இணையாமலே கிடக்கும். தாளில் இதற்கு அரை வரிகூட ஒதுக்கவில்லை.

அட்டைக் குழாய் எனக்கு நிறைவாக இல்லை. மாரி காலத்தில் அட்டை ஈரத்தை உறிஞ்சி ஊதும். பின்னர் காய்ந்து சுருங்கும்போது சுற்றுகள் தளர்ந்து வழுக்கும். ஈரம் ஏறிய அட்டையால் சுருளின் இழப்பும் கூடி, நிலையங்களைப் பிரித்தெடுக்கும் திறன் குறையும். குழாய்க்கு முதலில் வார்னிஷ் பூசி உலர விடலாம். அல்லது வன்பொருள் கடையில் அதே விட்டமுள்ள பீ.வி.சீ. குழாய்த் துண்டு ஒன்றை வாங்கிக்கொள்ளலாம். நான் இரண்டாவதையே செய்தேன்.

இனிப் பெட்டிக்கு வெளியே உள்ள பாதிக்கு வருகிறேன். தரப்பட்ட 5 மீற்றர் கம்பி அறைக்குள் தொங்கவிடுவதற்கே போதும். அதில் எமது ஊரில் பகலில் எதுவும் கேட்காது என்றே எடுத்துக்கொள்ளலாம். ஏறத்தாழ 20 மீற்றர் கம்பியை, கூரை மட்டத்துக்கு மேலே, வெட்டவெளியில் இழுத்துக் கட்ட வேண்டும். வளவுகளில் பனையும் தென்னையும் நிற்கும் ஊர் என்பதால் கம்பம் நாட்டும் செலவு நமக்கு இல்லை. வீட்டு ஓரத்திலிருந்து வளவின் கோடியில் நிற்கும் மரத்துக்கு இழுத்துவிடலாம். கம்பி மரத்தில் நேரடியாகப் படக்கூடாது. நைலோன் கயிறு ஒரு முழம், அதற்கும் கம்பிக்கும் இடையில் பீ.வி.சீ. குழாய்த் துண்டு என்று அமைத்தால், மழையில் நனைந்த மரத்தின் வழியாக மின் கசிந்து போகாது. சோளகக் காற்று வீசும் மாதங்களில் மரம் ஆடும் ஆட்டத்துக்கு இறுகக் கட்டிய கம்பி தாக்குப்பிடிக்காது. பழைய சைக்கிள் ரியூப்பை நீளமாக வெட்டிக் கயிற்றோடு சேர்த்துக் கட்டினால், மரம் சாயும்போது அது இழுபட்டுக் கொடுக்கும். ஒழுங்கையில் செல்லும் மின்கம்பிகளுக்கு மேலாகவோ கீழாகவோ, விழுந்தால் அவற்றைத் தொடக்கூடிய இடத்திலோ ஏரியலைக் கட்டக்கூடாது; இதில் விட்டுக்கொடுப்புக்கு இடமில்லை.

எர்த் விடயத்தில் விளக்கத்தாள் "தண்ணீர்க் குழாயில் இணைக்கவும்" என்று முடித்துக்கொள்கிறது. இங்கே பெரும்பாலான வீடுகளில் தண்ணீர்க் குழாய் பீ.வி.சீ.; அதில் இணைப்பதும் இணைக்காமல் விடுவதும் ஒன்றுதான். குடாநாட்டின் நிலம் சுண்ணாம்புக்கல்லின் மேல் படிந்த மண். கோடையில் மேல்மண் காய்ந்துவிட்டால் அதில் அடித்த இரும்புக் குழாயும் நல்ல எர்த்தைத் தராது. ஆனால் ஆண்டு முழுவதும் ஈரமாக இருக்கும் ஓர் இடம் பெரும்பாலான வளவுகளில் உண்டு. கிணற்றடியில் குளித்த தண்ணீர் ஓடிப் பாயும் வாழைப்பாத்தியே அது. நாகம் பூசிய இரும்புக் குழாய் ஒன்றை அங்கே கல் தட்டும்வரை அடித்து, அதிலிருந்து தடித்த செப்புக் கம்பியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வீட்டு வாசலோரக் காய்ந்த மண்ணில் அடித்த குழாயோடு மாற்றி மாற்றி இணைத்துப் பார்த்தபோது, ஒலியில் இருந்த வேறுபாட்டைக் கேட்டவர் எவருக்கும் விளக்கிச் சொல்லவேண்டி இருக்கவில்லை. கம்பியைக் கிணற்றுக்குள் இறக்கலாம் என்று ஆலோசனை சொல்பவர்கள் உண்டு. குடிக்கும் தண்ணீருக்குள் துருவேறும் உலோகத்தைப் போடுவதை நான் விரும்பவில்லை.

இவ்வளவும் செய்த பிறகு விளக்கத்தாளின் பெரிய குறை வெளிப்படுகிறது. தாளில் உள்ள படம் ஏரியலைச் சுருளின் உச்சி முனையில் நேரடியாக இணைக்கிறது. 80 சுற்றுள்ள இந்தச் சுருளின் தூண்டுதிறன் கணக்கின்படி ஏறத்தாழ 235 மைக்கிரோஹென்றி. 266 பிக்கோபரட்டோடு அது 640 கிலோஹேர்ட்ஸ் அளவில் பரிவுறும். கண்டென்சரை முற்றாகத் திறந்தால் மத்திய அலையின் மேல் எல்லை வரை போகவேண்டும். ஆனால் 20 மீற்றர் ஏரியல் கம்பிக்கும் நிலத்துக்கும் இடையிலும் கண்டென்சரில் இருப்பது போன்ற ஒரு கொள்ளளவம் (மின்னேற்றம் தேக்கும் திறன்) உண்டு. அது 150 பிக்கோபரட் அளவில் இருந்தால், அந்த 150 கண்டென்சரோடு கூட்டாகச் சேர்ந்துவிடும். அப்போது குமிழைக் கடைசி வரை திருப்பினாலும் வானொலி 820 கிலோஹேர்ட்ஸுக்கு அப்பால் ஏறாது. நமக்குக் கேட்கக்கூடிய நிலையங்களோ பெரும்பாலும் அதற்கு மேலேதான் இருக்கின்றன. நல்ல ஏரியலைக் கட்டியவருக்கே இந்த வானொலி குறைவாகக் கேட்கும் என்ற விசித்திரம் இப்படித்தான் உண்டாகிறது.

மருந்து மிகவும் மலிவானது. ஏரியலுக்கும் சுருளுக்கும் இடையில் தொடராக 100 பிக்கோபரட் கண்டென்சர் ஒன்றை வைத்தால், ஏரியலின் கொள்ளளவம் சுருளுக்கு 60 பிக்கோபரட் போலவே தோன்றும். மேல் எல்லை 1,200 கிலோஹேர்ட்ஸைத் தாண்டிவிடும். அல்லது ஏரியலை உச்சியில் இணைக்காமல், எர்த் பக்கத்திலிருந்து 20 ஆவது சுற்றுக் கிளையில் இணைக்கலாம். டயோட்டையும் உச்சியிலிருந்து கழற்றி 40 ஆவது சுற்றுக் கிளைக்கு மாற்றுவது நல்லது. இயர்போனின் சுமை சுருளின் பாதியில் மட்டும் விழுவதால் பரிவு கூர்மையாகிறது; ஒலி சிறிதளவே குறைய, ஒரு நிலையத்தின் மேல் இன்னொன்று ஏறி ஒலிப்பது வெகுவாகக் குறைகிறது. பெட்டியோடு வந்த படத்தில் கிளைகள் வரையப்பட்டிருக்கின்றன, ஆனால் அவை எதற்கு என்று எங்கும் சொல்லப்படவில்லை.

குமிழிலும் ஒரு நுணுக்கம் உண்டு. நிலையத்தைப் பிடித்துவிட்டுக் கையை எடுத்தால் அது நழுவிப் போவதாகப் பலர் முறையிடுவர். கண்டென்சரின் மூன்று கால்களில் நடுக்கால் சுழலும் தகடுகளோடும் அச்சோடும் இணைந்தது. அதை எர்த் பக்கம் வைத்து, ஓரக் கால்கள் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துச் சுருளின் உச்சிக்குக் கொடுத்தால் கையின் தாக்கம் நின்றுவிடும். தாளில் உள்ள படம் எந்தக் கால் எது என்று குறிக்கவில்லை.

கேட்கக் கிடைத்தவை எவை என்பதுதான் வாசிப்பவரின் முதற் கேள்வியாக இருக்கும். பகலில் எனக்குத் தெளிவாகக் கிடைத்தது 1053 கிலோஹேர்ட்ஸில் தூத்துக்குடி வானொலி. அது 200 கிலோவாற்று நிலையம். இங்கிருந்து நேர்க்கோட்டில் ஏறத்தாழ 230 கிலோமீற்றர். பாதையின் பெரும்பகுதி கடலாக இருப்பது நமது அதிர்ஷ்டம், ஏனெனில் உப்புநீர் மின்னை நன்கு கடத்துவதால், நிலத்தை ஒட்டிச் செல்லும் மத்திய அலை தரையில் தளர்வதுபோலக் கடலில் தளர்வதில்லை. புத்தளத்திலிருந்து 882 கிலோஹேர்ட்ஸில் 400 கிலோவாற்று வலுவோடு வரும் ட்ரான்ஸ் வேர்ல்ட் றேடியோ, அது ஒலிபரப்பாகும் வேளைகளில் மற்றெல்லாவற்றையும் அமுக்கிவிடுகிறது. 936 கிலோஹேர்ட்ஸில் உள்ள திருச்சி வானொலி, பின்னர் சொல்லப்போகும் டயோட் மாற்றத்துக்குப் பிறகும், பகலில் மிக மெலிதாக இருந்து, பொழுது பட்ட பின்னரே துலங்கியது. புத்தளத்துக்கும் திருச்சிக்கும் இடையே 54 கிலோஹேர்ட்ஸ் இடைவெளி மட்டுமே இருப்பதால், கிளைகளைச் சரியாக இணைத்திருக்கிறோமா என்பதை அறிய இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதே சிறந்த சோதனை. இருட்டிய பின்னர், வளிமண்டலத்தின் உயரே உள்ள மின்னேற்றப் படைகளுள் பகலில் அலைகளை உறிஞ்சும் கீழ்ப்படை மறைந்துவிடுவதால், மேலே தெறித்து வரும் தூர நிலையங்களும் சேர்ந்துகொள்கின்றன. பேச்சு ஓங்கியும் ஒடுங்கியும் அலைபோல வந்து போகும். தனியே கேட்பதற்கு அதுவும் ஓர் அனுபவம்தான், ஆனால் எந்த மொழி என்று தெரிந்துகொள்வதற்குள் நிலையம் அமிழ்ந்துவிடும்.

ஒலியின் அளவு பற்றி எவரும் ஏமாறக்கூடாது. அமைதியான அறையில், காதுக்குள் செருகிய ஒற்றை இயர்போனில், பக்கத்தில் ஒருவர் தாழ்ந்த குரலில் பேசுவது போலக் கேட்கும். அடுத்த வளவில் நீர் இறைக்கும் மோட்டர் ஓடத் தொடங்கினால் அவ்வளவுதான். 1990களின் முற்பகுதியில், மின்சாரமும் இல்லாமல், குடாநாட்டுக்குள் பற்றரி வரவும் தடை இருந்த காலத்தில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றிச் செய்தி கேட்டவர்கள் இந்தப் பெட்டியைக் கண்டதும் அந்த நினைவோடு வாங்க எண்ணுவது இயல்பு. ஆனால் அன்று டைனமோவில் ஓடியது ஒலிபெருக்கியுள்ள திரான்சிற்றர் வானொலி. வீட்டாரும் அயலாரும் சுற்றி இருந்து கேட்டது. இது ஒருவருக்கு மட்டும் உரியது.

இயர்போன் நல்ல தரமானது. பழைய பளிங்கு இயர்போன்களில் இருந்த ரொஷெல் உப்பு, ஈரத்திலும் வெப்பத்திலும் பழுதாகிவிடும். பீங்கான் வகைக்கு அந்தப் பயம் இல்லை. ஆனால் பீங்கான் இயர்போன் நேரோட்டத்தைக் கடத்தாது என்பதால், டயோட் வழியாக வரும் மின்னேற்றம் அதில் தேங்கி ஒலியைக் கரகரப்பாக்கி ஒடுக்கிவிடும். இயர்போனின் இரு முனைகளுக்கும் குறுக்கே 47 கிலோ ஓம் தடையி ஒன்றை வைத்தால் இது தீர்ந்துவிடும். சில ரூபாய் பெறுமதியான அந்தத் தடையி பெட்டியிலும் இல்லை, படத்திலும் இல்லை. கைத்தொலைபேசிக்கு உரிய இயர்போனைக் கொண்டு சமாளிக்கலாம் என்று நினைப்பவர்கள் அறியவேண்டியது, அவற்றின் தடங்கல் 32 ஓம் அளவில் இருப்பதால் நேராக இணைத்தால் சுருளின் சக்தி முழுவதையும் விழுங்கிவிடும் என்பது. பழைய திரான்சிற்றர் வானொலியின் ஒலிபெருக்கி மாற்றி (ட்ரான்ஸ்போமர்) ஒன்று கிடைத்தால் இடையில் வைத்துப் பார்க்கலாம்.

டயோட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிலிக்கன் டயோட் கடத்தத் தொடங்குவதற்கு 0.6 வோல்ற்று அளவு தேவை, ஜேர்மானியம் என்ற மூலகத்தால் ஆனதற்கு 0.2 முதல் 0.3 வரை போதும். நம்மிடம் வந்துசேரும் அலையோ பெரும்பாலும் அதற்கும் கீழே. 1என்60 என்ற பெயரில் இன்று விற்கப்படுபவற்றுள் பல, ஜேர்மானியத்துக்குப் பதிலாக ஷொட்கி என்ற வேறொரு வகையாகவே இருக்கின்றன. கைக்கண்ணாடியால் பார்த்தால் தெரிந்துவிடும்: ஜேர்மானியம் என்றால் கண்ணாடிக்குள் மயிரிழை போன்ற வளைந்த கம்பியின் நுனி ஒரு சிறு பளிங்குத் துண்டைத் தொட்டுக்கொண்டு நிற்கும். எனது பெட்டியில் அது இல்லை. ஷொட்கியும் வேலை செய்யும், ஆனால் மெலிந்த நிலையங்களில் ஜேர்மானியத்தோடு ஒப்பிட்டால் சற்றுப் பின்தங்குகிறது. வானொலி திருத்தும் பழைய கடைகளில் கழித்துப் போட்ட திரான்சிற்றர் வானொலிகளுக்குள் ஓஏ79, ஓஏ90 போன்ற ஜேர்மானிய டயோட்கள் இன்னும் கிடக்கின்றன. நான் அப்படியொன்றைக் கேட்டு வாங்கி மாற்றிய பிறகே திருச்சி பகலிலும் மெலிதாகத் தலைகாட்டியது. கண்ணாடிக்குள் உள்ள அந்த மயிரிழை, பளிங்கின் மேல் கம்பி நுனியைத் தொட்டுத் தொட்டு இடம் தேடிய பழைய முறையின் வாரிசு. ஈயத் தாதான கலேனாப் பளிங்கைக் கொண்டு அலைகளை உணரும் கருவிக்கு ஜகதீஷ் சந்திர போஸ் 1901 இல் விண்ணப்பித்து 1904 இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். கொழும்பில் 1925 டிசெம்பர் 16 அன்று முறையான ஒலிபரப்புத் தொடங்கியபோது உலகெங்கும் மலிவான வானொலி என்றால் இந்தப் பளிங்கு வானொலிதான்.

பாடசாலை விஞ்ஞானக் கழகங்களுக்கும் உயர்தர பௌதிகவியல் மாணவர்களுக்கும் இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். பரிவு என்ற பாடத்தைக் கரும்பலகையில் சமன்பாடாகப் படிப்பதற்கும், சுருளில் பத்துச் சுற்றுகளைக் கழற்றியதும் தூத்துக்குடி குமிழின் வேறோர் இடத்துக்கு நகர்ந்து நிற்பதைக் காதால் கேட்பதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. சிறு பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பொருளாக வாங்குவதாயின், ஏரியலும் எர்த்தும் அமைக்கப் பெரியவர் ஒருவர் கூட நிற்கவேண்டும். மாடிக் குடியிருப்பில், மரமும் மண்ணும் இல்லாமல் இருப்பவர் இதை வாங்கிப் பயனில்லை. பாட்டுக் கேட்கவேண்டும் என்பவர் இதே பணத்துக்கு வேறு ஏதாவது வாங்கலாம்.

இடி மின்னல் குறித்து விளக்கத்தாள் மௌனம் சாதிப்பதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. சித்திரை மாதத்து மாலை இடிமழையிலும், ஐப்பசி கார்த்திகை மாரியிலும் உயரத்தில் கட்டிய கம்பி வீட்டுக்குள் ஆபத்தைக் கொண்டுவரும் வழியாகிவிடும். அதுவும் மின்னல் விழுவதற்குப் பேர்போன பனையில் கட்டிய கம்பி. வீட்டுச் சுவருக்கு வெளியே ஒரு கத்தி ஆளியை (கத்தி போன்ற தகட்டால் இணைக்கும் சுவிச்) பொருத்தி, கேட்காத வேளைகளிலெல்லாம் ஏரியலை நேராக எர்த்தோடு இணைத்து விடவேண்டும். வானம் இருண்டு தூரத்தில் முழக்கம் கேட்கத் தொடங்கிய பின்னர் அந்த ஆளியின் பக்கம் போகவே கூடாது. எனவே வானொலியைக் கழற்றி வைத்ததும் ஆளியை எர்த் பக்கம் போட்டுவிடுவதை வழக்கமாக்கிக்கொள்வதே வழி.

100 பிக்கோபரட் கண்டென்சரும் 47 கிலோ ஓம் தடையியும் கத்தி ஆளியும் பொதி வாங்கிய கடையிலேயே இருந்தன. முதலிரண்டையும் பெட்டியைக் கையில் எடுக்கும்போதே கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. ஏரியலுக்கு அங்கே விற்கும் மெல்லிய கம்பியை விட, வன்பொருள் கடையில் மீற்றர் கணக்கில் வெட்டிக் கொடுக்கும் பி.வி.சீ. உறையிட்ட பல இழைச் செப்புக் கம்பி மலிவானதும் உறுதியானதும் ஆகும்.